சண்டை போலக் கேட்ட ஜெபம்

மாநில எல்லையை ஒட்டிய மத்திகிரியில், வரிசையாகத் தடுத்துக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு வந்தவர்கள். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. வாகனங்களுக்குத் தகட்டுச் சாமான் அடிக்கும் சிறிய பட்டறையில் என் கணவர் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் ஓட்டினார். ஒருநாள் காலை ஷிப்டில் அந்த இயந்திரம் அவருடைய வலது கைமேல் இறங்கிவிட்டது. மூன்று விரல்கள் போயின.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். உட்காரவும் மாட்டார். கதவுக்கும் அடுப்படிக்குமாக நடப்பார். செருப்பை மாட்டுவார், வாசல்வரை போவார், கழற்றிவிடுவார். இடது கையால் சாப்பிடுவதை நான் பார்த்துவிட்டால் பாதியில் எழுந்துவிடுவார். அவரைப் பார்த்துப் பார்த்து எனக்கும் இருப்புக் கொள்ளாமல் போயிற்று. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் கஷ்டம் வந்த வீட்டில் வேதாகமத்துச் சங்கீதப் பாடல்களை வாசிப்பார்கள். நானும் ஒரு காலையில் வேதாகமத்தை எடுத்து, எல்லோருக்கும் மனப்பாடமான அந்த மேய்ப்பனின் சங்கீதத்தை வாசித்தேன். மேய்ப்பன் காட்டும் புல்லும் தண்ணீரும் வந்த இடத்திலேயே அவர் எழுந்து வெளியே போய்விட்டார். ஊரோரத்துக் கால்நடைப் பண்ணை வேலியோரம் எங்கெங்கோ நடந்துவிட்டு உச்சி வெயிலில் திரும்பினார். இனி அதை வாசிக்காதே என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அவர்மேலும் கோபம், கடவுள்மேலும் கோபம். மறுநாள் வேண்டுமென்றே, கண்ணில் பட்ட பக்கத்தைச் சத்தமாக வாசித்தேன். என்னை எவ்வளவு காலத்துக்கு மறந்திருப்பாய், ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டாய் என்று ஒருவன் கடவுளையே நேருக்கு நேர் கேட்கிறான். நடந்துகொண்டிருந்தவர் நின்றார்.

"இன்னொரு தடவ வாசி," என்றார். வாசித்தேன். "இவன் நம்மள மாதிரியேல்லா பேசுதான்."

அதன்பின் அப்படிப்பட்ட சங்கீதங்களாகத் தேடினேன். அழுது படுக்கையை நனைப்பவன், கூட்டாளிகள் விலகிப்போனவன், இருட்டைத் தவிர வேறு துணையில்லை என்று முடித்துவிடுகிறவன். சர்ச்சில் இந்தச் சங்கீதங்களை நாங்கள் அதிகம் கேட்டதில்லை. அவர் நடந்தபடியே கேட்பார். சில வரிகளை என் குரலுக்கு மேலே தானும் சொல்வார். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு காலையில் சுவரில் சாய்ந்து அழுதார். விபத்துக்குப் பிறகு அதுதான் முதல் அழுகை.

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். வீட்டுக்காரர் வாரச் சந்தைகளில் கயிறும் தார்ப்பாயும் விற்பவர். அவர் மனைவி ஒருநாள் குழாயடியில் என்னை ஓரமாக அழைத்துத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, தெனமும் காலைல அண்ணன் உங்களத் திட்றாருங்களா?"

திட்டவில்லை, சங்கீதம் வாசிக்கிறோம், தாவீது ராஜா கடவுளிடம் முறையிட்டது என்றேன். இடுப்புக் குடத்தைக் கீழே வைத்தாள்.

"தாவூது நபிக்கு எறங்கின ஜபூர் வேதமா? அவரே அப்டிக் கேட்டிருந்தா, நீங்க கேக்கறதுல தப்பில்லக்கா."

அவள் வீட்டில் என்ன சொன்னாளோ, அடுத்த சந்தை நாளில் அவள் கணவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். குந்தாரப்பள்ளிச் சந்தை வரைக்கும் துணைக்கு வரமுடியுமா என்று என் கணவரைக் கேட்டார். மறுத்துவிடுவார் என்றே நினைத்தேன். அவரோ ஏற்கனவே செருப்பை மாட்டியிருந்தார்.

அங்கே நடந்ததைப் பிறகுதான் கேட்டேன். முதலில் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டபடி ஒதுங்கியே நின்றாராம். கூட்டம் சேர்ந்ததும், கயிற்றை அளக்க மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. கையை வெளியே எடுத்தார். எதிரே நின்ற விவசாயி அந்தக் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு, இந்தக் கயிறு காளைக்குத் தாங்குமா என்று தெலுங்கில் கேட்டார். தாங்கும் என்று இவர் இழுத்துக் காட்டினார். மதியத்துக்குள் தனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் கூவி விற்றிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும், "தொண்ட கட்டிட்டு, கொஞ்சம் வெந்நி போடு," என்றார். ஓடிப்போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

விரல்கள் திரும்பவில்லை. மார்கழிக் குளிரில், இல்லாத விரல்கள் வலிக்கின்றன என்பார். அந்த நாட்களில் மறுபடி நடையும் கோபமும்தான், மறுபடி புலம்பல் சங்கீதங்கள்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பாடவும் ஆரம்பித்திருந்தார், சுதி சேராமல், சத்தமாக.

பிறகு தனியாகவே அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமங்களுக்குக் கயிறு கொண்டுபோனார். அங்கே பஸ் எப்போதாவதுதான் வரும். காத்திருக்க அவருக்குப் பொறுமை கிடையாது. சுமையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்தே போய்விடுவார்.