பூச்சியத்துக்குக் கீழே நின்ற ஊசி

அந்தப் பெட்டியைத் திறந்ததும் நான் ஆசைப்பட்டது அதன் ஊசிக்குத்தான். கண்ணாடிக்குள்ளே மெல்லிய கறுப்பு ஊசி. அதற்குப் பின்னால் வளைந்த வெள்ளைத் தகடு. இடப்பக்கம் பூச்சியம், கொஞ்சம் தள்ளி ஒரு சிவப்புக் கோடு, அதற்கப்பால் எல்லாம் சிவப்பு. ஒரு பக்கம் கைக்குள் அடங்கும் ரப்பர்ப் பந்து, மறுபக்கம் நீளமான ரப்பர்க் குழாய். பந்தை அமுக்கி விட்டால் குழாயின் நுனியில் இருக்கிற காற்றை அது உறிஞ்சும். அந்தக் காற்றில் தீப்பற்றக்கூடிய வாயு கலந்திருந்தால் ஊசி எழும்பும். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஓர் ஊசி காட்டிக்கொடுக்கும் என்பதை நான் முதலில் நம்பவில்லை. யாரோ பேய்க்காட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். வவுனியாவுக்கு வெளியே, நெளுக்குளம் பக்கத்தில், லொறிகளும் உழவு மெசின்களும் திருத்துகிற ஒரு வேலைத்தளத்தில் எண்ணெயும் சாமான்களும் காக்கிற ஸ்ரோர்க்கீப்பர் நான். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. நெடுங்கேணிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டங்களில் கிணறுகள் அடி தெரிந்து கிடந்தன. சனத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுபோக வண்டி இல்லை. ஆகவே முதுகில் பெரிய இரும்புத் தாங்கி சுமக்கிற பழைய பெற்றோல் பவுசர் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து எங்கள் முற்றத்தில் விட்டு, இதைத் தண்ணீர் பவுசர் ஆக்கு என்று கட்டளை வந்தது. தாங்கியின் அடித்தகட்டில் நீளமாக ஒரு வெடிப்பு. அதை வெளியே நின்று ஒட்ட வழியில்லை. மேலே இருக்கும் வாய் வழியாக ஓர் ஆள் உள்ளே இறங்கி, குந்தியிருந்து, நெருப்பை மூட்டி ஒட்டவேண்டும்.

அந்த ஆள் எங்கள் வெல்டர். முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் மனிதர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணன் முறையில் நானா. வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள். வெறும் பெற்றோல் பீப்பாக்களை ஒட்டுவதற்கு அவரிடம் ஒரு பழைய முறை இருந்தது: வாயு தங்க இடமில்லாமல் கழுத்துவரைக்கும் தண்ணீர் நிரப்பிவிட்டு வெளியே இருந்து ஒட்டுவார்.

"இதுக்கும் தண்ணி நிரப்பலாம் ஐயா," என்றார் என்னிடம். "பிறகு உள்ளுக்கு இருந்து ஒட்ட மீன்தான் பிடிச்சுக்கொண்டு வரவேணும்."

வேறோர் ஊரில் பீப்பா வெடித்து ஒருவர் செத்துப்போனாராம். அதற்குப் பிறகுதான் மேலிடத்துக்கு ஞானம் பிறந்து இந்தப் பெட்டி வந்து சேர்ந்தது. இஞ்சினியர் இளம் ஆள், நல்லவர், எப்போதும் அவசரம். ஸ்ரோர்க்கீப்பருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும் என்ற ஒரே தகுதிக்காகப் பெட்டியையும் அதோடு வந்த சின்னப் புத்தகத்தையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அது போதும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தை மூன்று நாள் வாசித்தேன். பற்றறியைச் சரிபார்க்க ஒரு குமிழ், ஊசியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர இன்னொரு குமிழ். உள்ளே இருக்கும் கம்பி சூடேறும்வரை பொறுக்கவேண்டும். பந்தைப் பத்துத் தரம் அமுக்கவேண்டும், அவசரப்படக்கூடாது. பாடமாக்கி முடிந்ததும் கை சும்மா இருக்கவில்லை. மண்ணெண்ணெய்ப் போத்தில், பெயின்ற் தகரம், நனைத்த சாக்கு, மாட்டெரு என்று அகப்பட்டதற்குள் எல்லாம் குழாயை விட்டுப் பார்த்தேன். சாக்குக்கும் எருவுக்கும் ஊசி அசையவில்லை. மண்ணெண்ணெய்க்குச் சோம்பலாக எழும்பியது. லொறிச் சாரதி ஒருவர் இருமல் மருந்து என்று சொல்லி இருக்கைக்கு அடியில் ஒரு போத்தில் வைத்திருந்தார். அதன் வாயில் குழாயை வைத்தேன். ஊசி பாய்ந்து சிவப்புக்குள்ளே போய் நின்றது. சாரதி போத்திலைப் பறித்துக்கொண்டு போனார். அதன் பிறகு இரண்டு நாள் அவர் என்னோடு கதைக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் எனக்குத் தலை கொஞ்சம் வீங்கித்தான் போனது.

தாங்கியைச் சலவைச் சோடாவும் சுடுதண்ணீரும் விட்டுக் கழுவி, இரண்டு நாள் வாயைத் திறந்து காயவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை சோதனை. புத்தகத்தில் தடித்த எழுத்தில் ஒரு வரி: சுத்தமான காற்றில் வைத்து ஊசியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவரவும். அன்றைக்குச் சோளகக் காற்று பேய்த்தனமாக வீசிக்கொண்டிருந்தது. முற்றத்துச் செம்மண் எல்லாம் ஆகாயத்தில். இந்தப் புழுதி குழாய்க்குள் போனால் சாமான் பழுதாகிவிடும் என்று பயந்து, முந்திய நாட்களில் செய்தது போலவே ஸ்ரோருக்குள் போனேன். யன்னலைச் சாத்தினேன், கதவைச் சாத்தினேன். என் கதிரையில் இருந்து, பந்தைப் பத்துத் தரம் அமுக்கி, குமிழைத் திருகினேன். ஊசி அடம்பிடிக்காமல் வந்து பூச்சியத்தில் நின்றது. குழந்தையை உறங்கவைத்த ஆள் மாதிரிப் பெட்டியை மெல்லத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

பவுசரின் மேல் ஏறி, ஒரு கம்பில் குழாயைக் கட்டி, தாங்கியின் அடிவரைக்கும் இறக்கினேன். கீழே நின்ற எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அதை நான் கவனிக்காதவன் போல இருந்தேன், ஆனால் நன்றாகவே கவனித்தேன். பத்துத் தரம் அமுக்கியதற்கு ஊசி ஒரு மயிரளவு அசைந்தது. சிவப்புக் கோட்டுக்குக் கிட்டவும் போகவில்லை.

நானா எனக்குப் பின்னால் ஏறி வந்து, வாய்க்குள் முகத்தை விட்டு மணந்து பார்த்தார்.

"ஐயா, மெல்லிய வாசம் ஒண்டு கிடக்கு."

நானும் முகத்தை விட்டு மணந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"எனக்கு ஒண்டும் மணக்கேல்லை நானா. ஊசியும் இல்லை எண்டுது."

"எனக்கெண்டால் மணக்குது."

"மூக்கு பிழை விடும். இது பிழை விடாது."

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்கள் படிச்சுப்போட்டுச் சொல்லுறியள். எனக்கு என்ன தெரியும்," என்றார். இஞ்சினியர் ஒரு தாளை நீட்டினார். உள்ளே இறங்கலாம், நெருப்பும் மூட்டலாம் என்று எழுதியிருந்தது. பரிசோதித்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்து வைத்தேன். நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் கையாலும் கெட்டேன்.

"ஜும்மா தொழுதிட்டு வந்து இறங்கிறன்," என்று சொல்லிவிட்டு நானா சைக்கிளை எடுத்தார். நானும் என் சைக்கிளில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். ஒரு மைல் தூரம். பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். மனைவிக்குக் காட்டவேண்டும் என்று ஆசை, வேறு காரணம் இல்லை.

அவள் குசினியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். காற்றும் கொஞ்சம் அடங்கியிருந்தது. பின்வளவில், பனையடியில் நின்று பெட்டியை முடுக்கிப் பந்தை அமுக்கினேன். ஊசி இடப்பக்கம் சரிந்தது. பூச்சியத்தையும் தாண்டிக் கீழே இறங்கி, கடைசியில் இருக்கும் சின்ன முளையில் சாய்ந்துகொண்டது.

"இஞ்ச பார்," என்று அவளைக் கூப்பிட்டேன். "எங்கட வளவுக் காத்து எவ்வளவு சுத்தம் எண்டு. பூச்சியத்திலும் குறைவு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். அவள் படித்தது எட்டாம் வகுப்பு, ஆனால் கணக்கில் யாரும் அவளை ஏமாற்ற முடியாது.

"பூச்சியம் எண்டால் இல்லை எண்டுதானே அர்த்தம்?"

"ஓம்."

"அப்ப இல்லாததிலும் பார்க்கக் குறைவாய் என்னெண்டு இருக்கும்?"

எனக்குக் கோபம் வந்தது. பதில் தெரியாத இடத்தில் எனக்கு முதலில் வருவது கோபம்தான். பற்றறி பலவீனம் என்று சொல்லி அந்தக் குமிழைத் திருகிப் பார்த்தேன். பற்றறி நன்றாக இருந்தது. திரும்பவும் பத்துத் தரம் அமுக்கினேன். ஊசி முளையை விட்டு எழும்பவில்லை.

"இஞ்சருங்கோ, நீங்கள் பூச்சியம் வச்சது எங்க?"

"ஸ்ரோருக்குள்ள. சுத்தமான காத்தில வைக்கச் சொல்லிப் புத்தகத்தில கிடக்கு. வெளியில ஒரே புழுதி."

அவள் சிரித்தாள். "உங்கட ஸ்ரோரில சுத்தமான காத்தோ? உங்கட சட்டையை நான் பிள்ளையளின்ர உடுப்போட சேர்த்துத் தோய்க்கிறேல்லை. அவ்வளவுக்குப் பெற்றோல் நாத்தம். படலையடியில வரேக்கையே நீங்கள் வாறது எனக்குத் தெரியும்."

நான் சட்டையைத் தூக்கி மணந்தேன். ஒன்றும் இல்லை. தோள், கை, மார்பு, எங்கேயும் ஒன்றும் இல்லை. பதினொரு வருஷம் பெற்றோல் பீப்பாக்களுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தவனுக்கு மூக்கு அந்த வாசத்தைத் தள்ளிவைத்துவிட்டது. நான் சுத்தமான காற்று என்று நினைத்ததில் பெற்றோல் கலந்திருந்தது, அதைத்தான் பூச்சியம் ஆக்கியிருக்கிறேன். தராசில் படிக்கல் வைக்கிற தட்டுக்கு அடியில் நானே ஒரு கல்லை ஒட்டிவிட்டு, சாமான் குறைவாக நிற்கிறது என்று சொன்ன மாதிரி. அப்படியென்றால் தாங்கிக்குள் ஊசி மயிரளவு அசைந்ததற்கு அர்த்தம் என்ன? ஸ்ரோரில் இருப்பதைவிட அங்கே கூட இருக்கிறது என்பதுதான்.

நானா அதை மணந்து சொன்னார். மூக்கு பிழை விடும் என்று சொன்னவன் நான்.

பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாப்பிடாமல் சைக்கிளில் ஏறினேன். ஜும்மா முடிந்திருக்கும். அந்த ஒரு மைலில் எனக்கு இரண்டு பயம் இருந்தது, ஒன்றைச் சொல்ல இன்றைக்கும் வெட்கம்தான். இத்தனை பேருக்கு முன்னால், இஞ்சினியருக்கு முன்னால், நான் பிழை விட்டுவிட்டேன் என்று சொல்லவேண்டுமே என்ற பயமும் அந்த மிதியில் இருந்தது. போனால் மானம் போகும், போகாவிட்டால் நானா போவார். மானத்தை நினைத்து நான் ஓரிடத்திலும் மெதுவாக மிதிக்கவில்லை என்பது மட்டும் ஆறுதல்.

பவுசரின் மட்காட்டில் அவருடைய வெள்ளைத் தொப்பி மடித்து வைத்திருந்தது. கீழே செருப்பு. ஆள் இல்லை. மேலே நின்ற ஒருவர் காஸ் குழாய்களைத் தாங்கியின் வாய்க்குள் இறக்கிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து நானாவின் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல வந்தது: "இன்னும் கொஞ்சம் விடுங்கோ."

நான் நேரே போய், அந்தக் குழாய்களுக்குக் காஸ் விடுகிற இரண்டு சிலிண்டர்களின் திருகுகளையும் பூட்டினேன். பிறகு மேலே நின்றவரிடம் சொன்னேன்.

"நானாவை வெளியில வரச் சொல்லுங்கோ. நெருப்புப் பெட்டியைத் தொடவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

இஞ்சினியர் ஓடி வந்தார். "என்ன இது? காலையில நீங்கள்தானே கையெழுத்து வச்சனீங்கள்?"

"ஓம் ஐயா. நான் வச்சது பிழை. ஸ்ரோருக்குள்ள வச்சுப் பூச்சியம் போட்டிட்டன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நானா வெளியே வந்து, முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டு, பவுசரின் நிழலில் குந்தினார். நான் வேலியைத் தாண்டி, காற்று வருகிற பக்கமாக, வெறும் வயலுக்குள் நடந்தேன். எல்லோரும் பின்னால் வந்தார்கள். வயல் நடுவில் நின்று ஊசியைத் திரும்பப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன். இந்த முறை குமிழை நிறையத் திருகவேண்டியிருந்தது. அதை எல்லோரும் பார்த்தார்கள்.

பிறகு தாங்கிக்குள் குழாயை இறக்கினேன். ஏழாவது அமுக்கலிலேயே ஊசி சிவப்புக் கோட்டைத் தாண்டியது. பத்தாவதற்கு நான் பார்க்கவில்லை. நானா பார்த்துக்கொண்டிருந்தார். அடித்தகட்டின் மடிப்புக்குள் எங்கோ பழைய கசடு ஒட்டிக்கிடந்திருக்கிறது, கழுவியும் போகவில்லை. அதற்கு மேல்தான் அவர் குந்தியிருந்து நெருப்பு மூட்டப் போனவர்.

"நானா," என்றேன். அழுகை வந்தது. மறைக்கவில்லை.

"விடுங்கோ ஐயா. ஆனைக்கும் அடி சறுக்கும்," என்றார். குரலில் கோபம் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இதை ஒருக்கா ஸ்ரோருக்குள்ள வச்சுப் பாப்பமே? இப்ப சரியாத்தானே நிக்குது."

எனக்கு அந்த யோசனையே வரவில்லை. இஞ்சினியரும் சேர்ந்து மூவரும் போனோம். கதவைத் திறந்து, என் மேசைக்குப் பக்கத்தில் நின்று பந்தை அமுக்கினேன். பின்னால் வரிசையாகப் பீப்பாக்கள், ஒவ்வொன்றின் குழாய்க்கும் கீழே சொட்டு விழுகிற தகரத் தட்டு. ஊசி எழும்பியது. எழும்பி, சிவப்புக் கோட்டுக்கு ஒரு மயிரளவு இந்தப் பக்கம் நின்றது. பதினொரு வருஷமாகப் பின்னேரங்களில் எனக்குத் தலையிடி வரும். மூக்குக்கண்ணாடி மாற்றவேண்டும் என்று நினைத்திருந்தேன்.

நானா கதவு நிலையைத் தாண்டி உள்ளே வரவில்லை. அங்கே நின்றபடியே கேட்டார்:

"நான் தாங்கிக்குள்ள இறங்க நீங்கள் கையெழுத்து வச்சியள். நீங்கள் ஒவ்வொரு நாளும் இதுக்குள்ள வாறதுக்கு ஆர் ஐயா வச்சது?"

இஞ்சினியர் என்னைப் பார்த்தார். நான் ஊசியைப் பார்த்தேன்.