ஹெல்மெட்காரனிடம் கேட்காத சீட்டு

செல்போன் ரிப்பேர் தொழிலில் ஸ்க்ரூவைக் கழற்றுவது சுலபம், ஜனங்கள் கேட்காமலே கொட்டும் ரகசியங்களைக் காதில் வாங்காமல் இருப்பதுதான் கஷ்டம். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கும் அத்தனை பேருக்கும் இது தெரியும்.

வேண்டாத நம்பர்

கீழ்க்கட்டளையில் என் கடை. கண்ணாடி ஒட்ட வந்த ஆபீஸ்காரர் ஒருவர், நாலு பேர் நிற்கும்போதே லாக் நம்பரை உரக்கச் சொன்னார். இதுக்கு அது வேண்டாம் சார் என்றேன். அதோடு விட்டாரா? "பரவாயில்ல, வச்சுக்குங்க. பொண்ணு பொறந்த தேதிதான், ஏடிஎம்முக்கும் அதேதான்."

முதுகில் ஒட்டிய சீட்டு

அவரைச் சொல்கிறேனே, நான் மட்டும் என்ன ஒழுங்கா? ரிப்பேருக்கு வரும் போனின் முதுகில் பெயரையும் லாக் நம்பரையும் எழுதி ஒட்டுவது எங்கள் கடை வழக்கம். பக்கத்துத் தெரு கல்யாணி மிஸ்ஸின் போனும் அப்படித்தான் டிஸ்ப்ளே மாற்ற வந்தது. அவரிடம் டியூஷன் படிக்காத பிள்ளை அந்தத் தெருவில் கிடையாது. போன் பக்கத்துத் தெரு ரிப்பேர் கடையில் இருக்கிறது, ஆறு மணிக்கு வாங்கிவிடுவேன் என்று மிஸ் தன் வீட்டுக்காரர் போனிலிருந்து தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார்.

ஐந்தரைக்கு ஒருவன் வந்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. மிஸ் அனுப்பினார் என்றான், மிச்சக் கூலியையும் எடுத்து வைத்தான். ரசீது கேட்காமல், முதுகில் ஒட்டிய சீட்டோடு தூக்கிக் கொடுத்துவிட்டேன். ஆறு மணிக்கு மிஸ்ஸும் வீட்டுக்காரரும் வந்து நின்றார்கள். நீங்க அனுப்பின ஆள்கிட்ட கொடுத்தாச்சே என்று நான் உளறியதைக் கேட்டு மிஸ் மெதுவாகச் சொன்னார்: "நாங்க யாரையும் அனுப்பலையே."

மிஸ் சொன்னால் சரி

அதற்குள் குரூப்பில், ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவசரமாகப் பணம் வேண்டும் என்று மிஸ் நம்பரிலிருந்து மெசேஜ். வீட்டுக்காரர் பதறிப்போய், நம்பாதீர்கள் என்று போட்டார். அந்தப் பாவி உடனே மிஸ் பெயரில் அடுத்ததைப் போட்டான்: என் வீட்டுக்காரர் போனை எவனோ ஹேக் செய்துவிட்டான், அதிலிருந்து வருவதை நம்பாதீர்கள்!

சிம்மையும் பேங்க் கணக்கையும் முடக்க வீட்டுக்காரர் போனில் மல்லுக்கட்ட, மிஸ்ஸும் நானும் வீடு வீடாக ஓடினோம். முப்பது வருஷமாகச் சேர்த்த பேர் போகுதே என்று மிஸ் வழியெல்லாம் அழுதார். மூன்று வீட்டில் ஏற்கெனவே பணத்தை அனுப்பிவிட்டார்கள். நாலாவது வீட்டம்மா, வாசலில் நிற்கும் மிஸ்ஸைப் பார்த்தே பெருமையாகச் சொன்னார்: "நீங்க சொன்னீங்கன்னு உங்க வீட்டுக்காரர் நம்பரை உடனே பிளாக் பண்ணிட்டேன் மிஸ்."

போர்டு மாட்டிய நாள்

மறுநாளே ஒட்டிய சீட்டையெல்லாம் கிழித்தேன். ரசீது இல்லாமல் போன் கிடையாது என்று போர்டு மாட்டினேன். முதலில் சிக்கியவர் கடலோரக் குப்பத்திலிருந்து மீன் விற்க வரும் அஞ்சலை அக்கா, பத்து வருஷப் பழக்கம். ரிப்பேருக்குக் கொடுத்த போனை வாங்க வந்தவரிடம் ரசீது கேட்டதும் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மிஸ் போனத் தூக்கிக் குடுத்தியே, அவன்கிட்ட இன்னா சீட்டு கேட்ட?"

இத்தனை வருஷத்தில் என் கவுண்டரில் தன் ரகசியம் ஒன்றைக்கூடச் சொல்லாமல் போன ஒரே ஆள் அந்த ஹெல்மெட்காரன்தான்.