பிரம்மபுத்திரா எங்கே போகிறது

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் படிக்கும்படி எழுதக் கூச்சமாக இருக்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மைனியை, அண்ணன் மனைவியைப் பற்றிச் சொல்ல இப்போது என்னைத் தவிர ஆள் இல்லை.

சிமெண்டுத் தரையில் நான் தண்ணீரால் இழுத்த ஒரு கோடுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. யுத்த காலம். தூத்துக்குடியில் தோணி வேலை குறைந்துபோனதால் என் அண்ணன் அசாமுக்குப் போய், பிரம்மபுத்திராவில் சரக்கு ஏற்றும் ஸ்டீமர் ஒன்றில் சேர்ந்திருந்தார். மழைக்கால வெள்ளத்தில் ஸ்டீமர் கவிழ்ந்தது, உடல் கிடைக்கவில்லை என்று உடன் போனவர் வந்து சொன்னார். மைனி அழவில்லை. என்னைக் கூப்பிட்டு, "ஏளா, நீ படிச்சவதான, அந்த ஆறு எங்கன போவுதுன்னு சொல்லு" என்றாள்.

செம்பில் விரலை நனைத்து வரைந்தேன். இமயமலைக்கு வடக்கே திபெத்தில் பிறந்து, மலையை ஒட்டியே நெடுந்தூரம் கிழக்கே ஓடுகிறது. மலை முடிகிற இடத்தில் வளைந்து, ஆழமான பள்ளத்தாக்கில் இறங்கி, அசாமுக்குள் மேற்கே திரும்புகிறது. பிறகு தெற்கு, கங்கையோடு சேர்ந்து வங்காள விரிகுடா. என் விரல் கடலை எட்டுமுன் திபெத்து காய்ந்துவிட்டது.

"எம்மாஞ் சுத்து! கடைசில நம்ம கடலுதானளா?"

"ஆமா மைனி."

"அப்ப வருவாவ."

எங்கள் தெருவில் கடலில் மாண்டவருக்கு மாதா கோயிலில் உடனே பூசை வைப்பதில்லை. உடல் கரையேறக் காத்திருப்பார்கள். நீரோட்டம் திசை மாறிவிட்டால் நம்பிக்கையை விட்டுப் பூசை வைத்துவிடுவார்கள். மைனி அந்த வழக்கத்தை ஆற்றுக்கும் எடுத்துக்கொண்டாள். வாடைக் காற்று வீசும் மாதங்களில் வடக்கிலிருந்து நீர் இறங்கும். தினமும் விடியலில் கரையில் போய் நின்றாள். முதலில் உறவுக்காரர்கள் கூட வந்தார்கள். பிறகு நான் மட்டும். நானும் தள்ளித்தான் உட்கார்ந்திருப்பேன். அவள் பக்கத்தில் ஒருவருக்கும் இடம் இல்லாததுபோல் இருக்கும்.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒருவர், "ஏளா, ஆத்துல போனவனக் கடல்ல தேடுதியே, அசாமு என்ன வேம்பாருக்கு அடுத்த ஊரா?" என்று சிரித்தார்.

"ஒம்ம வலையில பட்டா கொண்டாந்து குடும், அண்ணாச்சி" என்றாள் மைனி. அதற்குப் பின் அவர் சிரிக்கவில்லை.

ஒருநாள் வாடை அடங்கியிருந்தது. கரையோரம் மிதந்த தென்னமட்டை ஒன்று மெல்ல வடக்கே நகர்ந்தது. கண்ணுக்கு மறையும்வரை மைனி அதைப் பார்த்தாள்.

"நீரு திரும்பிட்டு. பாதி வழி வந்திருந்தாலும் இனி அங்கனதான் கொண்டு போவும்" என்று சொல்லி மணலில் உட்கார்ந்தாள். அவள் தோளைத் தொட எனக்குக் கை வரவில்லை.

மறுநாள் காலையில் அண்ணனுக்குப் பூசை நடந்தது. எட்டுப் பத்துப் பேர் வந்திருந்தார்கள்.