கம்பெனி கலர்

அப்பாவுக்கு அவனியாபுரத்தில் கார் பெயிண்டிங் பட்டறை. பழைய கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் அவரிடம்தான் வண்டியைக் கொண்டுவந்து காட்டுவார்கள். அது வாசலில் வந்து நிற்பதற்குள், "எடது பக்கக் கதவு கம்பெனி கலர் இல்லண்ணே, அடிபட்டு மேல அடிச்சிருக்காங்க" என்று சொல்லிவிடுவார். விற்கிறவர் பங்காளியாக இருந்தாலும் சொல்லிவிடுவார். பங்காளிகள் சிலர் இன்னும் எங்களோடு பேசுவதில்லை.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது அம்மாவின் தம்பி, என் மாமா, கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தார். பொங்கல் விடுமுறையில் கண்மாய்களில் பறவை எண்ணப் போவார். நூறு வரை பிழையில்லாமல் எண்ணுவேன் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார். அப்பா எங்களைக் கொண்டுபோய் விட வந்தவர், அவ்வளவுதான்.

அந்த வருடம் எங்கள் பக்கம் அதிகம் வராத பட்டைத்தலை வாத்துகள் வந்திருந்தன. வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கருப்புப் பட்டைகள் இருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒன்றின் தலை மட்டும் செங்கல் நிறமாக இருந்ததை முதலில் பார்த்தது நான்தான். இப்போது சொல்லும்போதும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்கிறது.

பைனாகுலரில் பார்த்த மாமா கரையிலேயே குதித்தார். பட்டைத்தலைக்கும் வேறொரு காட்டு வாத்துக்கும் பிறந்த கலப்பாக இருக்கலாம், இங்கே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்றார். நோட்டில் 'முதலில் கண்டவர்' என்று போட்டு, அப்பாவின் இனிஷியலோடு என் பெயரை எழுதினார். பள்ளிக்கூடத்தில் யார் யாரிடம் எந்த வரிசையில் சொல்வது என்று நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

"மச்சான், உங்க மக பெரிய ஆளாயிட்டா. நீங்களும் பாருங்க."

அப்பா பைனாகுலரை வாங்கினார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். வாத்து நீந்தியது, திரும்பியது, மறுபடி திரும்பியது. வெயில் ஏறியும் அவர் கையை இறக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "மாப்ள, இது கம்பெனி கலர் இல்ல."

மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

"பொறப்புலயே உள்ள கலருன்னா எறகு எறகா நிக்கும். இது கழுத்துல நேர்கோடா நின்னுருச்சு, முக்குன அளவுக்கு. அடியில அந்த ரெண்டு பட்டையும் மங்கலாத் தெரியுது பாரு. எங்கிட்டோ செம்மண் சேத்துல தலைய விட்டு மேஞ்சிருக்கு."

மாமா மறுபடி பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து என் பெயரை அடித்தார்.

"வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறவங்களுக்கு வாத்தப் பத்தி என்ன தெரியும்?" என்று கத்தினேன். திரும்பும் வழியில் அப்பா வாங்கிக் கொடுத்த பால்பன் இனிப்பை நான் தொடவும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால், அந்தத் தலை முக்கால்வாசி வெளுத்திருந்தது. இரண்டு பட்டைகளும் பளிச்சென்று தெரிந்தன. அன்றிலிருந்து, சந்தேகமான பறவைப் படம் எது கிடைத்தாலும் மாமா பட்டறைக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். இன்று அவர் கல்லூரி வாத்தியார். மாணவர்கள் கலப்பு என்று குதித்தால், "மொதல்ல கம்பெனி கலரான்னு பாருங்கடா" என்கிறாராம். இதை நான் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன்.

ஒன்று மட்டும் அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை. வண்டி வாசலில் நிற்பதற்குள் சொல்லிவிடுகிற மனிதருக்கு, ஒரு வாத்தின் தலையைப் பார்க்க ஏன் அவ்வளவு நேரம்? பார்த்த நொடியிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். என் பெயர் அந்த நோட்டில் நிற்பதற்கு, கம்பெனி கலரில் ஒரே ஒரு இறகாவது கிடைக்காதா என்றுதான் அவ்வளவு நேரமும் தேடியிருக்கிறார்.