ஒரு நாட்டைத் தவிர

என் வீட்டுக்காரரிடம் பாஸ்போர்ட் கிடையாது. கனடா அவருக்குத் தஞ்சம் கொடுத்துவிட்டது. நிரந்தரமாகத் தங்கும் உரிமைதான் இன்னும் வந்தபாடில்லை. அதுவரை வெளிநாடு போய்வர ஒரு பயண ஆவணம் தந்திருக்கிறார்கள். எல்லா நாடுகளுக்கும் அது செல்லும், ஒரு நாட்டைத் தவிர. அது அவர் பிறந்த இலங்கை.

என் தம்பி கல்யாணத்துக்காகத் தூத்துக்குடி கிளம்பினோம். இந்திய விசா வாங்குவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. போகிற வழியெல்லாம் அதிகாரிகள் அந்த ஆவணத்தைக் கள்ளநோட்டுப் போலத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். நான் என் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு அந்தப் பக்கம் போய் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

மில்லர்புரத்தில் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே யோசனை. இவ்வளவு தூரம் வந்தாச்சு, கொழும்பு இந்தா இருக்கு, மாப்பிள்ளை ஒரு எட்டுப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தால் என்ன? உயிருக்கு ஆபத்து என்று சொல்லித் தஞ்சம் வாங்கியவர் அங்கேயே போய்வந்தால் தஞ்சத்தையே பிடுங்கிவிடுவார்கள் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது.

சித்தப்பா மட்டும் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்த்தவர். கப்பல் ஊழியர்கள் இறங்கி ஊருக்குள் போய்வர ஷோர் பாஸ் வாங்கிக் கொடுத்தே காலம் தள்ளியவர். உலகத்தில் எந்தச் சிக்கலையும் ஒரு ஷோர் பாஸ் தீர்த்துவிடும் என்பது அவர் நம்பிக்கை.

“மாப்ள, நம்ம பயலுவ கப்பல்ல ஏத்தி விடுதேன். காலைல எறங்கி அம்மாவப் பாத்துட்டு, சாயங்காலம் ஏறிருங்க. ஒரு பய கேக்க மாட்டான்.”

நான் சிரித்தேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மாவுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, கேட்டுப் பார்த்தால்தான் என்ன என்றார். எனக்குப் பயத்தில் கோபம் வந்துவிட்டது. போனால் நானும் பிள்ளைகளும் எங்கே போய் நிற்பது என்று கத்தினேன். பந்தியில் பக்கத்து இலைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் எழுந்து போய் என் மாமியாருக்கே போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். மாமியாரை நான் போனில் மட்டுமே பார்த்திருக்கிறேன். செத்தாலும் பிளேனில் ஏறமாட்டேன் என்று பல வருஷமாகச் சாதித்துவந்த மனுஷி.

“உன்னை அங்கால அனுப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்,” என்றார். “இஞ்ச கால் வச்சியெண்டால் உன்ர முகத்தில முழிக்க மாட்டன். நீ அங்கயே நில். நான் வாறன்.”

சொன்னபடி அடுத்த வாரமே விசா வாங்கி மதுரையில் வந்து இறங்கினார். காரை ஓட்டிவந்தது சித்தப்பாதான். செய்த வேலைக்கு அது அபராதம். மாமியார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, பிளேனைத் திட்டிக்கொண்டே வெளியே வந்தார். மகனைப் பார்த்ததும் திட்டு நின்றது. மகன் தலையை வருடினார், முடி போன இடத்தையும் சேர்த்து. நான் அழுதேன், சித்தப்பா அழுதார். அவர்கள் இரண்டு பேரும் அழவில்லை.

திரும்பும்போது பின்சீட்டில் இவர் அம்மா மடியில் தலைவைத்துச் சாய்ந்தவர், எட்டயபுரம் வருவதற்குள் தூங்கிப்போனார். கனடாவில் மாத்திரை போட்டும் தூங்காத மனிதர்.

சித்தப்பாவால் எவ்வளவு நேரம்தான் பேசாமல் இருக்க முடியும்? அடுத்த தடவை உங்களைக் கப்பலிலேயே கூட்டிவருகிறேன் மதினி, ஒரு ஷோர் பாஸ் போட்டால் போதும் என்று சத்தமாக ஆரம்பித்தார்.

“எடுத்துத் தாங்கோ, வாறன்,” என்றார் மாமியார். “ஆனா இப்ப மெல்லமாக் கதையுங்கோ. பிள்ளை நித்திரை கொள்ளுது.”

பாதித் தலை வழுக்கையான பிள்ளை. தூத்துக்குடி வரும்வரை சித்தப்பா ஹாரன்கூட அடிக்கவில்லை.