பதிலுக்குக் கீழே ஒரு பெயர்

மாத்தளைக்குப் பக்கத்துப் பலாபத்வலையில் எங்கள் கணினி அறையின் வாசலில் மாலை நேரங்களில் ஒரு சோடி கறுப்பு றப்பர் பூட்ஸ் நிற்கும். டொக்டர் கழுவித்தான் கழற்றியிருப்பார். ஆனாலும் மாட்டுத் தொழுவத்தின் வாசனை அதை விட்டுப் போகாது. உள்ளே குளிரூட்டி, புதுக் கணினிகள், தூசு படாமல் மூடிவைத்த பிளாஸ்டிக் உறைகள். அந்த வாசனை வந்தால் டொக்டர் வந்துவிட்டார் என்று அர்த்தம். வெறுங்காலுடன் வந்து உட்கார்ந்து, சேட்டுப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டத் தொடங்குவார். பசுவின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டுக் கன்றைத் திருப்பி எடுக்கிற மனிதர், விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தேடித் தவிப்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரும். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

சமாதானம் பேருக்காவது இருந்த காலம் அது. நான் மாத்தளை டவுனில் பிறந்து வளர்ந்தவள். கணினி படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பல்கலைக்கழக ஆய்வில் உதவியாளர் வேலை கிடைத்தது. ஆய்வின் தலைப்பை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாது. என் வாப்பா அதைச் சுருக்கி, "டொக்டர்ட மூளைய கம்ப்யூட்டர்ல ஏத்துற வேல" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு தொழிலைப் படித்து, பல வருடம் செய்து பழகியவரின் அறிவை, அவர் பக்கத்தில் இல்லாத போதும் ஊருக்குப் பயன்படும் சேவையாக இணையத்தில் வைக்க முடியுமா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி.

டொக்டர் மிருக வைத்தியர். யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க உத்தியோகத்தில் மாத்தளைக்கு வந்து, மனைவியோடு இங்கேயே தங்கிப்போனவர். சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. பால் கறக்கிறவர்களின் வீடுகள் அவ்வளவும் அவருக்குத் தெரியும், வீட்டுக்காரரின் பெயரை மறந்தாலும் மாட்டின் நிறம் மறக்காது.

சேவை நடந்த விதம் எளிமையானது. காலையில் பால் சேர்க்கும் நிலையத்துக்குப் பால் கொண்டுவருகிறவர்கள், மாட்டுக்கு ஏதாவது சுகமில்லை என்றால் அங்குள்ள கிளார்க்கிடம் சொல்வார்கள். அவர் அதைக் கணினியில் எங்கள் தளத்தில் எழுதுவார். மாலையில் டொக்டர் வந்து பதில் எழுதுவார். மறுநாள் கிளார்க் அதை வாசித்துக் காட்டுவார். பதிலுக்குக் கீழே 'மிருக வைத்தியர்' என்று மட்டும் இருக்கும். ஆளின் பெயர் வேண்டாம் என்பது ஆய்வை நடத்திய பேராசிரியரின் ஏற்பாடு. அறிவு ஓர் ஆளோடு கட்டுப்படாமல் இருந்தால்தான் அது எல்லா இடத்துக்கும் போகும் என்று அவர் நம்பினார். காகிதத்தில் எழுதினால் அது நல்ல யோசனைதான்.

சிக்கல், டொக்டர் பதிலே எழுதுவதில்லை என்பதில் தொடங்கியது. அவர் எழுதியதெல்லாம் கேள்விகள். மாடு நிற்கிறதா, படுத்திருக்கிறதா? கன்று போட்டு எவ்வளவு நாள்? நேற்று எங்கே மேய்ந்தது? சாணி எப்படி? பேராசிரியர் திரையைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். அவருக்குத் தேவைப்பட்டது பதில்களின் சேமிப்பு. ஒரே கேள்வி மறுபடியும் வந்தால், பழைய பதிலைத் தளமே எடுத்துக் கொடுக்க வேண்டும். விவசாயி மறுநாள்வரை காத்திருக்கத் தேவையில்லை. அதுதான் ஆய்வின் புதுமை. நான் மெதுவாக டொக்டரிடம் சொன்னேன்.

"டொக்டர், நீங்க கேக்குறது எனக்கு வெளங்குது. மெஷினுக்கு வெளங்காதே."

"மெசினுக்கு விளங்காட்டில் மெசின் பேசாமல் இருக்கட்டும், பிள்ளை. மாட்டைக் காணாமல் நான் எப்பிடி மருந்து சொல்லுறது? கேள்வியாவது கேக்க விடுங்கோ."

ஆனாலும் அவர் ஒத்துழைக்காமல் இருக்கவில்லை. கேள்விக்கு விவரம் வந்ததும் பதிலை ஒழுங்காக எழுதினார். கொஞ்சக் காலத்தில் சேமிப்பு பெருத்தது. தளம் தானாகவே பதில் தரத் தொடங்கியது. பால் நிலையத்தில் நின்றபடியே பதில் கிடைக்கிறது என்று சனங்களுக்குச் சந்தோஷம், எங்களுக்கு அதைவிடச் சந்தோஷம். பேராசிரியர் எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார்.

ஒரு மழைக்கால வாரத்தில் ஒருவர், தன் காளைக்கு வயிறு உப்பியிருக்கிறது, தீன் எடுக்கவில்லை என்று கேட்டிருந்தார். ஈரப்புல்லை அளவுக்கு மீறித் தின்றதால் வந்தது என்று டொக்டர் விசாரித்து அறிந்து, எண்ணெய் பருக்கி நடக்க விடும்படி எழுதினார். காளை தேறிவிட்டது. சில கிழமை கழித்து ஒரு சிங்களப் பெண்மணி அதே சொற்களோடு வந்தார். வயிறு உப்பியிருக்கிறது, தீன் எடுக்கவில்லை. கிளார்க் எழுதினார். தளம் பழைய பதிலை உடனே கொடுத்தது. அவர் ஓடிப்போய் மாட்டின் வாயைத் திறந்து, போத்தலால் எண்ணெயை ஊற்றினார்.

அந்தப் பசு முதல்நாள்தான் கன்று போட்டிருந்தது. அப்படி ஈன்ற மாடுகள் சிலவற்றுக்கு உடம்பில் சுண்ணாம்புச் சத்து திடீரென்று இறங்கிவிடும். கால் சோர்ந்து படுத்துவிடும், வயிறும் உப்பும், விழுங்குகிற பலமும் போய்விடும். கல்சியம் ஏற்றினால் எழுந்து நிற்கும். வாயில் எதையாவது ஊற்றினால் அது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகும். எண்ணெய் அங்கேதான் போனது. பசு செத்துவிட்டது. இதையெல்லாம் டொக்டர் எனக்கு முச்சக்கர வண்டியில் அந்த வீட்டுக்குப் போகிற வழியில், வெளியே பார்த்தபடி, ஒரு பாடம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். குரல் மட்டும் வழக்கமானதாக இல்லை.

அந்த அம்மா அழவில்லை. கன்றைக் கட்டியிருந்த மரத்தடியில் நின்றபடி, "நீங்கள்தானா அதைச் சொன்னது?" என்று சிங்களத்தில் கேட்டார். அது கணினி செய்த பிழை என்று சொல்லும்படி பேராசிரியர் எங்களிடம் சொல்லி அனுப்பியிருந்தார். நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் டொக்டர், "நான் சொன்னதுதான். உங்கள் மாட்டுக்குச் சொன்னதில்லை," என்றார். அந்த அம்மா குனிந்து கன்றின் கயிற்றைச் சரிசெய்தார். பிறகு, "யார் சொன்னதென்று தெரிந்திருந்தால் ஒருதடவை திருப்பிக் கேட்டிருப்பேனே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது எங்கள் இரண்டு பேருக்கும் தைத்தது.

திரும்பி வந்ததும் டொக்டர் பேராசிரியரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். தளம் தானாகப் பதில் கொடுப்பது இனி நிற்க வேண்டும். ஒவ்வொரு பதிலுக்குக் கீழும் அவருடைய முழுப் பெயரும் கைத்தொலைபேசி இலக்கமும் இருக்க வேண்டும். பேர் இல்லாவிட்டால் பதிலும் இல்லை.

பேராசிரியர் தயங்கியதற்கு ஆராய்ச்சி பாதிக் காரணம்தான். மறுபாதி பயம். சமாதானம் அதற்குள் கிழிந்து, எங்கள் ஊர் வழியாக யாழ்ப்பாணம் போகும் ஏ ஒன்பது வீதியில் சோதனைச் சாவடிகள் திரும்பி வந்திருந்தன. தமிழ்ப் பெயர் உள்ளவர்களை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கேள்வி கேட்கிற நாட்கள். பேராசிரியர் சிங்களவர். டொக்டருக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்றுதான் அவர் யோசித்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வீட்டில் வாப்பாவும் அதையே சொன்னார். "இந்தக் காலத்துல பேரையும் நம்பரையும் ஊருக்கெல்லாம் குடுக்குறதா மகள்? அவருக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

எடுத்துச் சொன்னேன். டொக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மருந்து எழுதிற துண்டிலை கையெழுத்து வைக்காமல் குடுத்தால் பாமசிக்காரன் மருந்து தருவானோ, பிள்ளை?"

"தர மாட்டாங்க, டொக்டர்."

"பிறகென்ன. இதுவும் துண்டுதான். போடுங்கோ."

பேராசிரியர் அரைமனதோடு விட்டுக்கொடுக்க, தளம் தானாகப் பதில் தருவதை நிறுத்திவிட்டுப் பெயரைப் போட்டேன். சிங்களத்திலும் தமிழிலும், தகப்பன் பெயரோடு சேர்த்து, நீளமாக. அந்தப் பெயரை நான் இந்தக் கட்டுரையில் எழுதப் போவதில்லை. அதற்குக் காரணம் அவரேதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

அதன்பிறகு வந்த மாதங்கள்தான் அந்த வேலையில் எனக்குப் பிடித்த காலம். அவருடைய போன் ஓயவில்லை. சாப்பிடும்போது அடிக்கும். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் தேரன்று, ஒரு கையில் அர்ச்சனைத் தட்டை வைத்துக்கொண்டு, மறுகையில் போனைப் பிடித்து ஒருவரிடம் சாணியின் நிறத்தை விசாரித்துக்கொண்டிருந்தார் என்று அவர் மனைவி சொல்லிக் குறைப்பட்டார். சிங்கள விவசாயிகளுக்கு அந்த நீளமான பெயர் வாயில் நுழையவில்லை. பாதியில் வெட்டி, பின்னால் ஐயா என்பதற்குச் சிங்களத்தில் சொல்லும் 'மாத்தயா'வைச் சேர்த்து, தங்களுக்கு ஏற்ற ஒரு பெயரைச் செய்துகொண்டார்கள். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை. பால் நிலையத்தில், மிருக வைத்தியர் என்ன சொன்னார் என்று கேட்பது நின்று, பேர் சொல்லிக் கேட்பது வழக்கமானது. பேராசிரியரும் மனம் மாறினார். பதில் கொடுக்கிறவரின் பெயர் இருப்பதுதான் சேவையின் பலம் என்று ஒரு கட்டுரை எழுதி, வெளிநாட்டு மாநாடு ஒன்றில் வாசித்துவிட்டு வந்தார். கட்டுரையில் டொக்டர் 'நிபுணர்' என்று வந்தார். பெயர் இல்லை. நான் அதைச் சுட்டிக்காட்டியபோது டொக்டர் சிரித்த சிரிப்பில் குளிரூட்டிச் சத்தமே கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் பொலிஸார் அவரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இத்தனை இடங்களிலிருந்து இத்தனை பேர் ஒரு தமிழருக்கு ஏன் போன் எடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. நாட்டு நிலைமை இறுகியிருந்த நேரம். தளத்தில் இருந்த பதில்களை அச்சடித்துக்கொண்டு நானும் பேராசிரியரும் போனோம். மாட்டு வயிறு, மடி வீக்கம், கன்றுக் கழிச்சல் என்று ஒரு அதிகாரி பக்கம் பக்கமாக வாசித்தார். சிரிப்பு வரவேண்டிய இடம். ஒருவருக்கும் வரவில்லை. பின்னேரம் டொக்டரை விட்டார்கள். போனை விடவில்லை. விசாரணை முடிந்ததும் தருவதாகச் சொன்னார்கள்.

அங்கிருந்து அவர் வீட்டுக்குப் போகாமல் நேரே கணினி அறைக்கு வந்தார்.

"பிள்ளை, என்ரை பேரை எடுத்துவிடுங்கோ."

பயந்துவிட்டார் என்று நினைத்தேன். பயந்தால் என்ன குற்றம் என்றும் நினைத்தேன். ஆனால் பேராசிரியர் பேச்சை வேறு பக்கம் இழுத்தார். இலக்கத்தை மட்டும் எடுத்துவிடலாம், பெயர் இருக்கட்டும், சனங்கள் அந்தப் பெயரை நம்பித்தானே வருகிறார்கள் என்றார். டொக்டர் அவரிடம் சிங்களத்தில் பதில் சொல்லிவிட்டு, எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னார்.

"அதுதான் பிழை. என்ரை பேரை நம்பி ஆராவது மாட்டுக்கு ஒண்டைப் பருக்கினால், பிறகு ஆரிட்டைக் கேக்கிறது? போன் எடுக்க நான் இல்லாத இடத்திலை என்ரை பேரும் இருக்கப்படாது. பதிலும் இருக்கப்படாது."

பதில்களும் என்றதும் பேராசிரியரின் முகம் மாறியது. அவ்வளவு காலத்து ஆய்வு அது. நீண்டநேரம் பேசினார்கள். கடைசியில் பேராசிரியர் தலையைப் பிடித்துக்கொண்டு, ஆய்வுக்கான பிரதி தன்னிடம் இருக்கும், ஊருக்குத் தெரியும் பக்கத்தை மறைத்துவிடலாம் என்று இறங்கி வந்தார். நான் மறைத்தேன். டொக்டர் பக்கத்தில் இருந்து, எல்லாம் போகும்வரை பார்த்தார்.

சில கிழமைக்குப் பிறகு போன் திரும்பக் கிடைத்தது. அன்று மாலையே வந்து, "இப்ப போடலாம்," என்றார். அவ்வளவுதான். பெயரும் பதிலும் மறுபடி மேலே வந்தன. அவர் பெயரை எடுக்கச் சொன்னது பயத்தால் இல்லை என்பதை அன்றுதான் முழுதாக விளங்கிக்கொண்டேன்.

யுத்தம் முடிந்த வருடத்தில் ஆய்வுக்கான நிதியும் முடிந்தது. தளத்தை மூடினோம். டொக்டர் ஓய்வு பெற்றார். நான் கொழும்புக்குப் போனேன். கம்பனிகளுக்குச் சேவை வடிவமைத்துக் கொடுப்பது இப்போது என் தொழில். வாடிக்கையாளரின் கேள்விக்கு மனிதர் குறுக்கிடாமல் பதில் கிடைக்க வைப்பதில் எனக்கு நல்ல பெயர் என்கிறார்கள். அந்தப் பதில்களுக்குக் கீழே யாருடைய பெயரும் கிடையாது.

டொக்டர் காலமான செய்தி எனக்குப் பிந்தித்தான் கிடைத்தது. போன் எடுக்க அவர் இனி இல்லை; அவர் பெயரை நான் இங்கே எழுதாததும் அதனால்தான். மாத்தளைக்குப் போய் அவர் மனைவியைப் பார்த்தேன். அந்த அம்மா தேத்தண்ணி தந்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். மேசையில் டொக்டரின் போன் கிடந்தது.

"இன்னும் மாட்டுக்காரர் எடுக்கினம், பிள்ளை. இவர் மோசம் போயிட்டார் எண்டு எனக்குத் தெரிஞ்ச சிங்களத்திலை சொல்லுவன். ஐயோ எண்டுவினம். பிறகு, 'அப்ப மாடு?' எண்டு கேப்பினம்."

"நீங்க என்ன சொல்வீங்க, அம்மா?"

"இப்ப இருக்கிற டொக்டரின்ரை நம்பரைக் குடுக்கிறன். வேறை என்ன செய்யிறது. நம்பரை வெட்டச் சொல்லி மகன் சொல்லுறான். நீர் இதெல்லாம் படிச்சனீர்தானே. வெட்டட்டோ?"

இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். அந்த நேரத்தில் போன் அடித்தது. அந்தத் தலைமுறைப் பெண்கள் கணவரின் பெயரை வாயால் சொல்வதில்லை. இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அந்த அம்மா அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. 'இவர்' என்பார், மிஞ்சினால் 'டொக்டர்' என்பார். அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு, போனை எடுத்துக் காதில் வைத்து, கணவரின் பெயரைச் சொன்னார். பாதியில் வெட்டாமல், தகப்பன் பெயரோடு சேர்த்து, முழுதாகச் சொன்னார்.