ஒரு வீடு முன்னாடி

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் களத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லித் தருகிறேன். ஓடிக்கொண்டே, இடது கையால், அதுவும் கீழிருந்து மேலாக வீசி, பந்தை வளையத்துக்குள் போடும் வித்தை ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை என்னைவிட நன்றாகச் சொல்லித்தரப் பினாங்கில் ஆள் கிடையாது என்று கூச்சமில்லாமல் சொல்வேன். பந்து உள்ளே போகிறதே, பிறகென்ன அடக்கம்? ஆனால் இது எனக்கு வந்து சேர்ந்த இடம்தான் வேடிக்கை. கூடைப்பந்தில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூட அறியாத ஒருவரிடமிருந்து வந்தது. அவர் என் மாமா, அம்மாவின் தம்பி. ஜார்ஜ் டவுனில் வீடு வீடாகப் பேப்பர் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் அப்போது ஆறாம் ஆண்டு படித்தேன். சனிக்கிழமை காலைகளில் மாமாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துகொண்டு போவேன். பேப்பரைச் சுருட்டி, ரப்பர் மாட்டி, அவர் கையில் கொடுப்பது என் வேலை. வலது கை மோட்டாரின் பிடியை விட முடியாது என்பதால் மாமாவின் வீச்சு எல்லாம் இடது கைதான். வரிசை வீடுகளில் மாடியில் குடியிருப்பவர்களுக்கு, வண்டியை நிறுத்தாமல், கீழிருந்து மேலாக ஒரு வீச்சு. பேப்பர் கம்பித் தடுப்பைத் தாண்டி மாடி வராந்தாவில் போய்ப் படுத்துக்கொள்ளும். மாமா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

எனக்கும் ஒன்று வீசத் தாருங்கள் என்று பல வாரம் நச்சரித்த பிறகு ஒரு நாள் மாமா மனமிறங்கினார். நானும் வீடு நேராக வரும்வரை பொறுமையாகக் காத்திருந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, உள்ள பலத்தையெல்லாம் கூட்டி வீசினேன். பேப்பர் அந்த வீட்டை அலட்சியம் செய்துவிட்டு அடுத்த வீட்டு மாடிக்குப் போனது. அது ஒரு சீன ஆண்ட்டியின் வீடு. மறுவாரம் அவர் வாசலில் நின்று, தமிழ்ப் பேப்பர் தனக்குப் படிக்க வராது என்றும், ஆனால் உள்ளே இருந்த நடிகையின் சேலை நன்றாக இருந்தது என்றும் மாமாவிடம் மலாயில் சொன்னார்.

"வீட்டுக்கு நேரா வந்தப்புறம் விட்டா பக்கத்து வீட்டுக்குத்தான்லா போகும்," என்றார் மாமா. "ஒரு வீடு முன்னாடியே விட்டுடணும். மெதுவா விட்டாப் போதும். மிச்சத்த மோட்டாரு கொண்டு போயிரும்."

நாலைந்து சனிக்கிழமைகளில் எனக்குப் பிடிபட்டுவிட்டது. அம்மாவுக்குக் காப்பிக் கோப்பையை இடது கையால் நீட்டினால் திட்டு விழும். அந்தக் கைக்கு மாமாவின் மோட்டாரில் இப்படியொரு மரியாதை கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் பிடிக்கவில்லை. எதிர்வரிசையில் பேப்பர் போடுகிற இன்னொரு அண்ணனுக்கும் காப்பிக்கடையில் வைத்து மாமா இதே வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். கையைப் பிடித்தே காட்டினார்.

"ஏன் மாமா அவருக்கெல்லாம் சொல்றீங்க? நம்ம வீடுங்கள அவரு புடிச்சிக்க மாட்டாரா?"

"எனக்குக் காய்ச்சல் வந்தா அந்த வீடுங்களுக்கு யாரு பேப்பர் போடுறது? நீயா?"

ஏன், நான் போட மாட்டேனா என்று எனக்கு ரோஷம் வந்தது. அந்தப் பதிலில் எனக்குக் கேட்டது அவ்வளவுதான்.

எங்கள் தமிழ்ப்பள்ளியில் கூடைப்பந்துக் களம் பாதிதான் இருந்தது. மீதிப் பாதியில் ஆசிரியர்களின் கார்கள் நின்றன. இருந்த பாதியில் ஒற்றை வளையம். அந்த வருஷம் தலைமையாசிரியர் சபையில் வைத்தே சொல்லிவிட்டார்: பெண்கள் அணி இந்த முறையாவது முதல் சுற்றைத் தாண்ட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பாதியும் கார்களுக்குத்தான். எட்டுப் பேர் கொண்ட அணிக்கு நான் தலைவி. முதல் சுற்று என்ன, கோப்பையோடு வருகிறோம் என்று நான் வகுப்பு வகுப்பாகச் சொல்லி வைத்திருந்தேன்.

ஆனால் எங்களில் ஒருத்திக்கும் ஓடிவந்து போட வராது. பந்து பலகையில் படார் என்று அடித்துவிட்டு எங்களிடமே திரும்பி வரும். "மெதுவா, மெதுவா!" என்று டீச்சர் கத்துவார். ஒரு நாள் அப்படி ஓடும்போதுதான் எனக்கு உறைத்தது: இங்கே மோட்டார் என் கால்தான். வளையத்துக்கு நேராக வந்த பிறகு விடுவதால்தான் பந்து பக்கத்து வீட்டுக்குப் போகிறது. அடுத்த முறை இரண்டு எட்டு தூரம் இருக்கும்போதே, பேப்பர் போடுகிற கையால் மெல்ல மேலே விட்டேன். பந்து சாவகாசமாக ஏறி, இறங்கி, வலைக்குள் விழுந்தது.

"இடது கை, கீழேருந்து வீச்சு, அவ்ளோ தூரம். மூனுமே தப்பும்மா," என்றார் டீச்சர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, இன்னொரு தடவ போடு," என்றார். போட்டேன். விழுந்தது. மறுபடியும் விழுந்தது. டீச்சர் இடுப்பில் வைத்த கையை எடுத்துவிட்டார். "எனக்கு இது புரியல. நீயே எல்லாத்துக்கும் சொல்லிக் குடு."

சொல்லிக்கொடுத்தேன். ஏழு பேரையும் வரிசையில் நிற்க வைத்து, உள்ளங்கையை எப்படி விரிப்பது, எத்தனை எட்டு வைப்பது, பந்தை எவ்வளவு உயரம் ஏற்றுவது என்று எல்லாவற்றையும் சொன்னேன். எப்போது விடுவது என்பதை மட்டும் சொல்லவில்லை. மறந்து போகவில்லை, வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. அவர்கள் போடுவது விழாமல் போவதும், நான் போய் "இப்படிப் பாரு" என்று போட்டுக் காட்டுவதும் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அணியிலேயே குள்ளமானவள் ஒரு ஐந்தாம் ஆண்டுக்காரி. சட்டை முழங்கால்வரை தொங்கும். அவள்தான் ஒரு நாள் எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்து நின்றாள்.

"அக்கா, கையெல்லாம் சரியாத்தான் வருது. எப்பக்கா விடணும்?"

கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். அதை அவள் கண்டுபிடித்துவிட்டாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"போடப் போட தானா தெரியும்," என்றேன்.

பேப்பர் வீச்சு பந்துக்கும் ஆனதை மாமாவிடம் முன்பே பெருமையடித்திருந்தேன். அந்தச் சனிக்கிழமை மோட்டாரில் போகும்போது அவர் கேட்டார், "எல்லாருக்கும் சொல்லிட்டியா?" "ஓ, சொல்லிட்டேன் மாமா," என்று அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

போட்டிக்குக் கெப்பாலா பத்தாஸ் பக்கத்திலிருந்து ஒரு பள்ளி வந்திருந்தது. அவர்களில் குட்டையானவளே என்னைவிட ஒரு சாண் உயரம். அதனால் என்ன? அவர்கள் கையைத் தூக்குவதற்குள் என் பந்து மேலே போய்விடும். முதல் பாதியில் ஐந்து முறை போட்டேன். பார்க்க வந்த பெற்றோர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். இரண்டாம் பாதியில் அவர்களுடைய பயிற்சியாளர் விவரமாக, என்மீது இரண்டு பேரை ஏவிவிட்டார். நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்கு கைகள். எப்படியோ ஒன்று போட்டேன். எங்கள் அணியில் இன்னொருத்தி நின்ற இடத்திலிருந்து ஒன்று போட்டாள். அவர்கள் பதினைந்து, நாங்கள் பதினான்கு. கடைசி நிமிஷம்.

பந்து என்னிடம்தான் இருந்தது. இரண்டு பேரும் என்னை மூலைக்குத் தள்ளிவிட்டார்கள். நடுவில் வழி முழுக்கத் திறந்து கிடந்தது; அந்தக் குள்ளச்சி அதில் ஓடிவந்துகொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் அவளுக்குக் கொடுத்தேன். பக்கத்தில் ஒருவருமில்லை. உள்ளங்கை சரியாக விரிந்தது, எட்டு சரி, எல்லாம் நான் சொன்னபடியே. வளையத்துக்கு நேராக வரும்வரை பொறுமையாகக் காத்திருந்து, உள்ள பலத்தையெல்லாம் கூட்டி விட்டாள். பந்து பலகையில் அடித்துக் களத்தின் நடுவரைக்கும் துள்ளிப் போனது. விசில் ஊதிவிட்டார்கள்.

பஸ்ஸில் அவள் சட்டை நுனியை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் பெருந்தன்மையாக அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பரவால்லலா, நீ அஞ்சாம் ஆண்டுதானே," என்று முதுகில் தட்டிக்கொடுத்தேன். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நானும் மன்னித்தேன். இதை எழுதும்போது என் காது சுடுகிறது.

வீட்டு வாசலில் மாமா மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோற்றதை ஒரே வரியில் முடித்துவிட்டு, "பதினாலுல நான் மட்டும் பன்னெண்டு மாமா!" என்றேன்.

"மத்தவங்க?"

"ரெண்டு."

"ஏழு பேருக்குச் சொல்லிக் குடுத்தேன்னியே."

"அவங்களுக்கு வரல மாமா. என்ன செய்யறது?"

மாமா துணியை உதறிவிட்டு மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார். பன்னிரண்டு புள்ளி எடுத்த பிள்ளைக்கு ஒரு ஐஸ் வாங்கித் தரக்கூடத் தோன்றவில்லையே இந்த மனுஷருக்கு என்று எனக்கு இரண்டு நாள் கோபம்.

அடுத்த வருஷம் நான் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டேன். அங்கே முழுக் களம், இரண்டு வளையம், போன முதல் மாதமே அணியிலும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு மத்தியானம் மாமா என்னை ஏற்றிக்கொண்டு வரும்போது பழைய பள்ளி வழியாக வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் களத்தில் வெள்ளைக் கோடு போட்டு, கோட்டுக்கு ஒன்றாகக் கார்கள் நின்றன. வளையத்தைக் கழற்றிவிட்டார்கள். கம்பமும் பலகையும் மட்டும் இருந்தன. இரண்டு கார்களுக்கு நடுவே அவள் ஓடிவந்துகொண்டிருந்தாள். ஆறாம் ஆண்டு ஆகியும் சட்டை இன்னும் முழங்கால்வரைதான். கையில் ஒரு காலி மினரல் பாட்டில். கம்பத்தின் அடியில் குப்பைத்தொட்டி இருந்தது. அதற்கு இரண்டு எட்டு இருக்கும்போதே, இடது கையால், கீழிருந்து மேலாக மெல்ல விட்டாள். பாட்டில் சாவகாசமாக ஏறி, இறங்கி, தொட்டிக்குள் விழுந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஆரம்பத்துக்கு நடந்தாள்.

மாமா வேகத்தைக் குறைத்திருந்தார். "ஒரு வீடு முன்னாடியே விட்டுட்டாளே," என்றார், தனக்குள் சொல்வதுபோல.

"நீங்கதானே மாமா அவளுக்குச் சொன்னீங்க?" என்று நான் பின்னாலிருந்து கத்தினேன்.

அவர் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவராகச் சொல்ல அவளை அவருக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் வீடு வந்து சேரும்வரை நான் நம்பவில்லை. என் ரகசியம் வெளியே போய்விட்டது என்ற ஒரே வருத்தத்தில், வளையம் இல்லாத அந்தக் கம்பத்தை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.